கருத்தடை செய்து திரும்ப விடுவதா, வீடு தேடித் தருவதா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டின் பின்புறத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் பூனை வந்தது. இரக்கப்பட்டு உணவு வைக்கத் தொடங்கினேன். இன்று அங்கே ஏழு பூனைகள் இருக்கின்றன. அந்தத் தாய்ப்பூனை இதுவரை என்னை நெருங்க விட்டதில்லை; நான் ஓரடி எடுத்து வைத்தால் அது பத்தடி போய்விடும். அதன் முதல் ஈற்றில் பிழைத்த மூவண்ணக் குட்டிக்கு இப்போது ஏழு மாதம் இருக்கும். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தால் தயங்கித் தயங்கி வந்து உண்ணும், ஆனால் தொட முடியாது. இரண்டாம் ஈற்றுக் குட்டிகள் மூன்றும் பழைய பலகைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. ஆறு வாரம் ஆகியிருக்கலாம். சில வாரங்களாகச் செம்மஞ்சள் நிறப் பூனை ஒன்று வருகிறது. அவள் என் காலைச் சுற்றிச் சுற்றி உரசுகிறாள், மடியில் ஏறிப் படுக்கிறாள். பெரிய தலையுடைய கறுப்புக் கடுவன் ஒன்று இரவில் வந்து சண்டையிட்டுவிட்டுப் போகும். அக்கம்பக்கத்தார் பொறுமை இழந்துவிட்டார்கள். ஒருவர் எல்லாவற்றையும் சாக்கில் பிடித்துத் தொலைவில் விட்டுவிடச் சொல்கிறார். கருவுற்றிருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் நோய்க்கு அஞ்சுகிறார். விலங்கு நலத் தொண்டர் ஒருவர், அனைத்துக்கும் கருத்தடை செய்து இங்கேயே விட்டுவிடுங்கள் என்கிறார். அறுவை சிகிச்சை செய்த உயிரை மீண்டும் வெளியில் விடுவது கைவிடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஏழுக்கும் வீடு தேடித் தருவதுதானே முறை? என் வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு பூனை வாழ்வதால் நான் எதையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியாது.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. கருத்தடை செய்வதா வேண்டாமா என்பது ஒன்று. அதற்குப் பிறகு அந்தப் பூனை எங்கே வாழ வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஏழு பூனைகளுக்கும் ஒரே விடைதான்: செய்ய வேண்டும், விரைவில் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போகும் பூனையானாலும் பின்புறத்துக்கே திரும்பும் பூனையானாலும் அறுவை மேசை வழியாகத்தான் போக வேண்டும். இரண்டாம் கேள்விக்கோ ஏழு பூனைகளுக்கும் சேர்த்து ஒரு விடை கிடையாது. ஒவ்வொன்றாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால் குட்டிகள் மூன்றும் செம்மஞ்சள் பூனையும் வீட்டுக்குரியவை. தாயும் கறுப்புக் கடுவனும் திரும்ப விட வேண்டியவை. மூவண்ணப் பூனை இடையில் நிற்கிறது. ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் அவசரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பூனையின் கர்ப்பகாலம் 63 முதல் 65 நாட்கள்தான். நான்கு அல்லது ஐந்து மாதத்திலேயே சில பெட்டைகள் பருவத்துக்கு வந்துவிடுகின்றன, ஆகவே உங்கள் ஏழு மாத மூவண்ணப் பூனையின் வயிற்றில் இப்போதே குட்டிகள் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். தாய் பாலூட்டிக்கொண்டிருப்பதால் இப்போதைக்குக் கருத்தரிக்காது என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். பாலூட்டும்போதே பூனை மீண்டும் சினையாகக்கூடும். இணைசேரும் தூண்டுதலால்தான் பூனைக்குக் கருமுட்டை வெளிப்படுகிறது என்பதால் சேர்க்கை பெரும்பாலும் வீணாவதில்லை. ஒரே ஈற்றின் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருப்பதும் உண்டு. இந்தப் பெருக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள மரியன் தீவு சாட்சி. 1949-இல் அங்கே எலிகளைப் பிடிப்பதற்காக 5 பூனைகளைக் கொண்டுபோனார்கள். முப்பது ஆண்டுகளுக்குள் அவற்றின் வழித்தோன்றல்கள் மூவாயிரத்தைக் கடந்துவிட்டன, கடற்பறவைகள் லட்சக்கணக்கில் இரையாகின. கடைசிப் பூனையை அகற்றி முடிக்க 1991 ஆகிவிட்டது. உங்கள் பின்புறம் தீவு அன்று, அங்கே பிறப்பவற்றில் பெரும்பாலானவை நோயிலும் வண்டிச் சக்கரத்திலும் மடிந்துவிடும். முதல் ஈற்றில் ஒன்று மட்டும் பிழைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எண்ணிக்கை கட்டுக்குள் இருப்பதுபோல் தெரிவதற்கு அந்தச் சாவுகளே காரணம் என்பதால், அதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

குட்டிகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் ஏழில் மிகக் குறைந்த கால அவகாசம் இருப்பது அவற்றுக்குத்தான். பூனைக்குட்டி மனிதரைத் தன் உலகின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்தில் மெல்ல மூடத் தொடங்குகிறது. எட்டு வாரக் குட்டியைப் பழக்கச் சில நாட்கள் போதும். பன்னிரண்டு வாரக் குட்டிக்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். நான்கு மாதம் கடந்துவிட்டால் எவ்வளவு பாடுபட்டாலும் பலவற்றின் அச்சம் முழுமையாக நீங்குவதில்லை. ஆகவே அவற்றின் வயதைச் சரியாகக் கணிப்பது முக்கியம். நன்றாக உண்ணும் குட்டி மாதத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் என்ற கணக்கில் வளரும், ஆகவே 700 கிராம் அளவில் இருந்தால் உங்கள் ஆறு வாரக் கணிப்பு சரியே. வாயைத் திறந்து பார்க்க முடிந்தால் பின்பக்கக் கடைவாய்ப் பாற்பற்கள் முளைத்துவிட்டனவா, இன்னும் முளைத்துக்கொண்டிருக்கின்றனவா என்பதும் துணை செய்யும். அவை நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் வருபவை.

மூன்றையும் இந்த வாரமே உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் அறிவுரை. உங்கள் வீட்டுப் பூனை எட்டிப் பார்க்க முடியாத ஒரு சிறிய அறை போதும். இரண்டு வாரமாவது தட்டு, மணல் பெட்டி, விரிப்பு எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும், குட்டிகளைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவி, உடையையும் மாற்றிக்கொண்ட பிறகே உங்கள் பூனையிடம் போக வேண்டும். பான்லுகோபீனியா என்னும் குடல் நோய்க் கிருமி குட்டிகளை ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடியது, தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. உங்கள் பூனையின் தடுப்பூசி காலாவதியாகியிருந்தால் குட்டிகளை எடுப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு முதல் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைப் பொதுவாகப் பன்னிரண்டு வாரத்தில் போடுவோம்.

பழக்குவது என்றால் தூக்கிக் கொஞ்சுவது என்று பொருளில்லை. முதல் இரண்டு நாட்கள் அறைத் தரையில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள், அவை உங்கள் குரலுக்குப் பழகட்டும். உணவைத் தட்டில் வைத்துவிட்டு வெளியேறாமல் அருகிலேயே இருங்கள். பிறகு கரண்டியிலும் அதற்கடுத்து விரலிலும் கொடுங்கள். வெவ்வேறு குரலும் வெவ்வேறு கைகளும் பழகிய குட்டி புதிய வீட்டில் எளிதாகப் பொருந்தும், ஆகையால் வீட்டில் உள்ள மற்றவர்களும் பங்கெடுக்க வேண்டும். ஒரே ஈற்றில் ஒன்று துணிவாகவும் இன்னொன்று ஒடுங்கியும் இருந்தால் உங்கள் வளர்ப்பில் குறை என்று எண்ணிவிடாதீர்கள். துணிச்சலில் ஒரு பங்கு தந்தை வழி வருவது, குட்டிகள் தந்தையைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் கூட. குட்டி 1 கிலோ எடையைத் தொட்டதும், அதாவது எட்டு முதல் பத்து வாரத்தில், நோயின்றி இருந்தால் கருத்தடை செய்துவிடலாம். சிறு வயதில் செய்வது ஆபத்து என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. குட்டிகளுக்கான மயக்க மருந்து முறையில் பழகியவர் செய்தால் அவை பெரிய பூனைகளைவிட விரைவாகத் தேறிவிடுவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். கருத்தடை முடிந்த பின்பே தத்துக் கொடுங்கள். வளர்ந்ததும் செய்துகொள்கிறோம் என்று வாக்குறுதி தந்து வாங்கிச் செல்பவர்களில் எத்தனை பேர் அதை மறந்துவிடுகிறார்கள் என்பதை என் மருத்துவமனை வாசலில் அட்டைப்பெட்டிகளில் வந்து சேரும் குட்டிகள் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன. முடிந்தால் இரண்டு குட்டிகளை ஒரே வீட்டுக்குக் கொடுங்கள். ஒன்றோடொன்று விளையாடிக் களைத்துவிடுவதால் கடிக்கும் பழக்கம் குறையும்.

செம்மஞ்சள் பூனையைப் பற்றி அதிகம் ஆராய வேண்டியதில்லை. நீங்கள் அவளை "அவள்" என்று எழுதியிருக்கிறீர்கள். செம்மஞ்சள் பூனைகளில் ஐந்தில் நான்கு கடுவன்கள் என்பதால் ஒருமுறை வாலைத் தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. அறிமுகமில்லாதவர் மடியில் தானே ஏறிப் படுக்கும் பூனை ஒரு காலத்தில் யாருடைய வீட்டிலோ வளர்ந்தது. எனவே தத்துக் கொடுப்பதற்கு முன் அது யாருடையது என்று தேட வேண்டிய கடமை உண்டு: உரிமையாளரை அறியத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்துப் பாருங்கள், சுற்றுப்புறத்தில் விசாரியுங்கள், படத்துடன் அறிவிப்பு ஒட்டுங்கள், உங்கள் பகுதி விதி எவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்கிறதோ அவ்வளவு காத்திருங்கள். ஒருவரும் வராவிட்டால் அதற்கு வீடு தேடுங்கள். இப்படிப்பட்ட பூனையைக் கருத்தடை செய்து வெளியிலேயே விடுவதுதான் நீங்கள் அஞ்சும் கைவிடல்.

தாய்ப்பூனையின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கேதான் உங்கள் மனம் இடறுகிறது என்று உணர்கிறேன், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். எட்டு மாதம் ஒவ்வொரு நாளும் உணவு வைத்த கையை ஒரு முறைகூட நெருங்க விடாத பூனை உங்களிடம் நன்றி கெட்டு நடக்கவில்லை. மனிதரை ஏற்கும் பருவத்தில் அதன் அருகே மனிதர் எவரும் இருந்திருக்கவில்லை. அதற்கு நாம் பெரிய உடலுடைய, எதிர்பாராமல் அசையும் ஆபத்து. நாம் பாதுகாப்பு என்று எண்ணும் நான்கு சுவர்களும் மூடிய கதவும் அதற்குத் தப்பிக்க வழியில்லாத இடம். உங்கள் கண்ணுக்கு அதன் வாழ்வில் குறையாகத் தெரிவது கூரையும் கட்டிலும். அது இழக்க அஞ்சுவதோ ஒவ்வொரு சந்தும் சுவரும் மோப்பத்தால் தெரிந்த தன் எல்லையையும், அருகிலேயே வாழும் தன் மகளையும். தாயும் மகளும் சகோதரிகளும் சேர்ந்து வாழ்ந்து ஒருவர் குட்டியை மற்றவர் பராமரிப்பது வெளிப்பூனைகளின் குடும்ப அமைப்பு, கடுவன்கள்தாம் அலைபவை.

பல ஆண்டுகளுக்கு முன், தொழிலில் நான் புதியவனாக இருந்தபோது, இதே போன்ற ஒரு பெட்டைப் பூனையை அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்ப விட மனம் வராமல், நல்ல மனம் படைத்த ஒரு குடும்பத்திடம் சேர்த்தேன். அது நான்கு மாதம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. இரவில் மட்டும் வெளியே வந்து உண்டது. மன உளைச்சலால் சிறுநீர்ப்பை அழற்சி வந்து மூன்று முறை என்னிடமே திரும்ப வந்தது. அந்தக் குடும்பத்தார் என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் வருத்தம். அந்த நான்கு மாதமும் இரக்கத்தின் பெயரால் நான் தீர்த்துக்கொண்டது என் மன உறுத்தலை மட்டுமே.

திரும்ப விடுவது என்பது விட்டுவிட்டு மறப்பதாக இருந்தால் உங்கள் ஐயம் நியாயமானது. முறையாகச் செய்யும்போது அது அப்படி இருப்பதில்லை. மயக்கத்தில் இருக்கும்போதே கருப்பையும் சினைப்பையும் நீக்கி, தடுப்பூசி போட்டு, உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து கொடுத்து, பல்லையும் காதையும் பார்த்து, இடது காதின் நுனியை ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நேராக வெட்டி அடையாளம் செய்து, பிடித்த அதே இடத்தில் விடுகிறோம்; அதன் பிறகு யாரோ ஒருவர் நாள்தோறும் உணவு வைத்து, வரவில்லை என்றால் கவனிக்கிறார். அந்த யாரோ ஒருவராக நீங்கள் எட்டு மாதமாக இருந்துகொண்டிருக்கிறீர்கள். ஓயாத சினையும் பாலூட்டலும் நின்ற தாய்ப்பூனை சில மாதங்களில் உடல் தேறுவதைக் கண்ணாரக் காண்பீர்கள். கருப்பையில் சீழ் கட்டும் நோய்க்கு இடமே இருக்காது.

இருந்தாலும் ஒரு எச்சரிக்கை. கூண்டுக்குள் அகப்பட்ட முதல் நாளில் பழகாத பூனையும் பழகிய பூனையும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். வீட்டில் வளர்ந்து தொலைந்துபோன பூனைகூட மூலையில் ஒண்டிக்கொண்டு சீறும். ஆகவே முதல் நாள் பார்த்த முகத்தை வைத்து எந்தப் பூனைக்கும் முத்திரை குத்தக் கூடாது. துணி போர்த்திய கூண்டை அமைதியான இடத்தில் வைத்து மூன்று நாள் பாருங்கள். பழகிய பூனை இரண்டாம் மூன்றாம் நாளில் முன்பக்கம் வரும், குரல் கொடுக்கும், வாலை நிமிர்த்தும், நாம் பார்க்கும்போதே உண்ணும், கண்ணை மெல்ல மூடித் திறக்கும். பழகாத பூனை பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும், ஓசை எழுப்பாது, இரவில் ஆளில்லாதபோது மட்டும் உண்ணும்.

இந்த மூன்று நாள் சோதனை மிகவும் தேவைப்படுவது மூவண்ணப் பூனைக்குத்தான். மூவண்ணம் என்பதால் அது பெட்டை என்பதில் ஐயம் கொள்ள வேண்டாம். கடுவனாகப் பிறப்பது மிக அரிது. அது நீங்கள் அருகில் இருக்கும்போது உண்கிறது, ஆனால் தொட விடுவதில்லை. ஏழு மாதத்தில் கதவு முழுவதும் மூடிவிடவில்லை, ஒருக்களித்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் எப்படியும் இரண்டு மூன்று நாள் உள்ளே வைத்திருக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களிலேயே கவனியுங்கள். அது கூண்டின் முன்பக்கம் வந்து உங்கள் குரலுக்குக் காது திருப்பினால், பொறுமையும் அமைதியும் உள்ள வீடு ஒன்று கையில் இருந்தால் மட்டும், பழக்க முயலலாம். அப்படி ஒரு வீடு இல்லாமல், என்றோ கிடைக்கும் என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் கூண்டில் வைத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். அதைத் தாயுடன் திரும்ப விட்டாலும் இழப்பொன்றும் இல்லை. பயம் விட்டுப்போய் ஓராண்டு கழித்துத் தானாகவே வீட்டுப்படி ஏறும் பூனைகள் உண்டு. அன்று மறுபடி முடிவு செய்துகொள்ளலாம்.

கறுப்புக் கடுவனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். உப்பிய கன்னமும் பெரிய தலையும் விரை நீக்கப்படாத, வளர்ந்த கடுவனின் அடையாளம். விரை நீக்கி மறுநாளே விட்டுவிடலாம். இனப்பெருக்க ஆற்றல் முழுமையாக நீங்கச் சில வாரங்கள் ஆகும். அலறலும் சண்டையும் சிறுநீர் பீய்ச்சும் நாற்றமும் அதே காலத்தில்தான் படிப்படியாகக் குறையும் என்பதைப் பொறுமை இழந்த அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

சாக்கில் பிடித்துத் தொலைவில் விடச் சொல்பவரிடம் அது ஏன் பயன்படாது என்பதைச் சண்டையின்றி எடுத்துச் சொல்ல வேண்டும். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். இந்த யோசனையில் கண்ணை மூடிக்கொள்வது மனிதர்தாம். அறியாத இடத்தில் விடப்பட்ட பூனை அங்குள்ள பூனைகளால் விரட்டப்பட்டு, திரும்பி வர முயன்று சாலையிலேயே பெரும்பாலும் மடிகிறது. இங்கேயோ, குப்பையும் மறைவிடமும் எலியும் அப்படியே இருப்பதால், காலியான இடத்துக்கு வேறு பூனைகள் வந்து சேரும். வருபவை கருத்தடை செய்யப்படாதவையாக இருக்கும், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். காப்பகத்தில் சேர்ப்பதும் பழகிய பூனைக்கு ஓரளவு வழி, தாய்ப்பூனைக்கு வழியல்ல. தத்தெடுக்க வருபவர் எவரும் கூண்டின் மூலையில் சீறிக்கொண்டிருக்கும் பூனையைத் தேர்ந்தெடுப்பதில்லை.

எல்லா இடத்திலும் திரும்ப விடுவதே சரி என்று நான் வாதாட வரவில்லை. இடிக்கப்படவிருக்கும் கட்டடம், விஷம் வைக்கப்படுவதாக உறுதியாகத் தெரிந்த இடம், தரையில் கூடு கட்டும் அரிய பறவைகள் வாழும் இடம் ஆகியவற்றுக்குத் திரும்ப விடக் கூடாது. கருத்தடை செய்த பூனையும் வேட்டையாடும் என்பதை மறைப்பதில் பொருளில்லை. கண் பார்வை இழந்த, தீராத நோயுடைய, மிக முதிய பூனைகளையும் திரும்ப விடக் கூடாது. அத்தகைய நிலையில் பழகாத பூனைக்கு நான் பரிந்துரைப்பது பண்ணை, கிடங்கு, தோட்டம் போன்ற ஒரு புதிய வெளியிடம். உணவு வைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும், புதிய இடத்தில் இரண்டிலிருந்து நான்கு வாரம் பெரிய கூண்டில் வைத்து அந்த இடத்தின் மணமும் ஓசையும் அதற்குச் சொந்தமாகிய பின்பே கதவைத் திறக்க வேண்டும். உங்கள் பின்புறத்தில் இப்படி எந்தக் காரணமும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. சாக்கு யோசனை சொன்னவர் வாய்ப்பேச்சோடு நிற்பவரா, செய்துவிடக்கூடியவரா என்பதை மட்டும் நீங்கள்தான் அறிவீர்கள்.

இனி பிடிக்கும் முறை. முதல் வேலை, எந்நேரமும் உணவு கிடக்கும் தட்டை அகற்றிவிட்டு, நாளுக்கு இரண்டு முறை, ஒரே நேரத்தில், அரைமணி நேரம் மட்டும் உணவு வைப்பது. ஒரு வாரத்தில் அத்தனையும் கடிகாரம் பார்த்ததுபோல் வந்து நிற்கும். பொறிக்கூண்டின் கதவைத் திறந்தபடி கட்டிவைத்து அதற்குள்ளேயே சில நாள் உணவு வையுங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தைய மாலை உணவை நிறுத்திவிட்டு, காலையில் வாசனை மிகுந்த உணவைச் சிறிதளவே கூண்டின் கடைசியில் வையுங்கள். கூண்டை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகக் கூடாது. அகப்பட்ட பூனை கம்பியில் மோதி மூக்கையும் நகத்தையும் கிழித்துக்கொள்ளும், பெரிய துணியால் மூடியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். வெறுங்கையால் பிடிக்க முயலவே வேண்டாம்.

குட்டிகளை முதலில் எடுத்தால் தாயைப் பிடிக்கவும் அவையே உதவும். குட்டிகள் இருக்கும் பெட்டியைப் பொறிக்கூண்டின் பின்முனையோடு ஒட்டிவைத்து இரண்டையும் சேர்த்துத் துணியால் மூடினால், குரல் கேட்டுத் தாய் கூண்டு வழியாக நுழையப் பார்க்கும். குட்டிகளைத் தொட்டுவிட்டு, தாயைப் பிடிப்பதை நாளைக்கு என்று தள்ளிவிடாதீர்கள். பூனை தன் குட்டிகளை ஏழு இடம் மாற்றும் என்று சொல்வது எண்ணிக்கையில் மிகையாக இருக்கலாம், குணத்தில் மிகையில்லை. பால் வற்றும்வரை காத்திருந்து அறுவை செய்தால் மருத்துவருக்கு எளிது என்பது உண்மை. ஆனால் ஒருமுறை தப்பிய தாய் மறுமுறை கூண்டுக்குள் வர மாதங்கள் ஆகலாம், அதற்குள் அடுத்த ஈற்று வந்துவிடும். ஆறு வாரக் குட்டிகள் தாமாகவே உண்ணக்கூடியவை என்பதால் உங்கள் விஷயத்தில் காத்திருக்க வேண்டாம். பாலூட்டும் பூனை என்பதை மருத்துவரிடம் சொன்னால் தேவையெனில் விலாப்பக்கமாக அறுத்துச் செய்வார். தாமே கரையும் தையல் போடச் சொல்லுங்கள், தையல் பிரிக்க அதை மறுபடி பிடிக்க முடியாது.

பரிசோதனைகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது உங்களிடம் கேட்பார்கள். பூனை எய்ட்ஸ் எனப்படும் கிருமி பெரும்பாலும் ஆழமான கடியால் பரவுகிறது. இரத்தப் புற்றுநோய் தரக்கூடிய லுகீமியா கிருமி உமிழ்நீர் வழியாக, ஒன்றை ஒன்று நக்கும்போதும் பரவுகிறது. இரண்டும் மனிதருக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போகும் நான்குக்கும் கட்டாயம் சோதித்துவிடுங்கள், உங்கள் பூனையின் நலனுக்காகவும் கூட. திரும்ப விடும் பூனை நோயுற்றதாகத் தெரியாதவரை, அந்தச் செலவை இன்னொரு பூனையின் கருத்தடைக்குப் பயன்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. சண்டையும் சேர்க்கையும் நின்றாலே பரவலின் முக்கிய வழி அடைபட்டுவிடும்.

கருவுற்றிருக்கும் உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அச்சத்தை அலட்சியம் செய்ய வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். அவர் அஞ்சுவது கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமியைத்தான். அதை ஒரு பூனை தன் முதல் தொற்றின்போது ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரைதான் பொதுவாக மலத்தில் வெளியேற்றுகிறது. அது நோய் தரும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாகும். ஆகவே அவர் மணல் பெட்டியையும் பூனை கழிக்கும் மண்ணையும் தொடாமல் இருந்தால் போதும், தோட்ட வேலைக்குக் கையுறை அணியட்டும். நன்கு வேகாத இறைச்சியும் கழுவாத காய்கறியும் அவருக்குப் பூனையைவிடப் பெரிய ஆபத்து. நீங்கள் ஒரு மூலையில் மணல் குவித்து நாள்தோறும் சுத்தம் செய்தால், அவர் தோட்டத்தில் கழிப்பது பெருமளவு குறையும். யாருக்காவது கடி பட்டால், எவ்வளவு சிறியதாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்; பூனைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்குவதால் வெளியே ஆறியதுபோல் தெரிந்து உள்ளே சீழ் பிடிக்கும், வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதையும் அவர் முடிவு செய்வார்.

பெட்டைகளை விடும் முன், மயக்கம் முழுமையாகத் தெளிந்து, உண்டு, சிறுநீர் கழித்து, தையலில் இரத்தக் கசிவு இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கு மனித மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. காலையில், நீங்கள் வழக்கமாக உணவு வைக்கும் இடத்திலேயே கூண்டின் கதவைச் சுவர்ப்பக்கம் பார்க்க வைத்துத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். தாய்ப்பூனை பாய்ந்தோடி ஓரிரு நாள் தலைகாட்டாமல் இருந்தால் மனம் கலங்காமல் அதே நேரத்துக்குத் தட்டை வையுங்கள். அந்த ஓரிரு நாளில் மூவண்ணப் பூனை கூண்டில் எப்படி நடந்துகொண்டது என்பதை எனக்கு எழுதுங்கள், அதைப் பற்றி மட்டும் நாம் இன்னொரு முறை பேச வேண்டியிருக்கும்.